கண் கண்டதும் கால் கற்றதும்

மேனாம்பேட்டில் ஒரு ஞாயிறு மாலை. அன்பியக் கூட்டம் முடிந்து தேநீருக்காக அமர்ந்திருந்தோம். அவ்வீட்டாரின் மகன், எட்டாம் வகுப்பு மாணவன், தன் மடிக்கணினியைத் திறந்து உரோமையின் புனித பேதுரு பெருங்கோவிலை நமக்குச் சுற்றிக் காட்டினான். 2024 நவம்பரில் வத்திக்கானும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இணைந்து வெளியிட்ட எண்ணிமப் பிரதி அது. ட்ரோன்களாலும் லேசர் கருவிகளாலும் எடுக்கப்பெற்ற 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கோத்து அதனை உருவாக்கியிருக்கிறார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் திருப்பயணிக்குக் கிட்டாத நெருக்கத்தில் குவிமாடத்தின் மொசைக் வேலைப்பாடு திரையில் விரிந்தது. கூட்டத்திலிருந்த மூதாட்டி ஒருவர் தம்மையறியாமல் கைகுவித்தார். நமக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது.

அப்போது மறைக்கல்வி ஆசிரியை, விளையாட்டாகத்தான், ஒரு தாளையும் பென்சிலையும் அவனிடம் நீட்டினார். “தம்பி, இந்த வீட்டிலிருந்து நம்ம கோவிலுக்குப் போகிற வழியை வரைந்து காட்டு, பார்ப்போம்” என்றார். சிறுவன் ஒரு வீட்டை வரைந்தான்; ஒரு கோட்டை இழுத்தான்; கோட்டின் முடிவில் ஒரு சிலுவையை இட்டான். “நடுவில் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்டதற்கு, “அப்பா வண்டியில பின்னாடி உட்கார்ந்து போவேன் டீச்சர், கவனிச்சதில்ல” என்று சிரித்தான். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, பாட்டியுடன் நாள்தோறும் கடைக்கு நடப்பவள், அதே தாளின் மறுபுறத்தில் வரைந்தாள். அவளது படத்தில் அளவுகள் கோணல். கோவில் ஒரு மூலையில் சிறு பெட்டியாக ஒடுங்கியிருந்தது. ஆனால் வேப்பமரம், நியாயவிலைக் கடை, குரைக்கும் நாய் உள்ள வீடு, மூடியில்லாத கால்வாய், மழைநாளில் தண்ணீர் தேங்கும் வளைவு ஆகிய யாவும் வரிசை தவறாமல் இருந்தன. அந்தத் தாளை ஏந்திக்கொண்டு அயலூரார் ஒருவர் தடுமாறாமல் கோவிலுக்குச் சென்றுவிடலாம்.

சிறுவனைக் குறை கூற இதனை எழுதவில்லை. அவனைப் போன்றே நாமும் பல இடங்களைப் பார்த்துவிட்டு, அவற்றை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்னும் உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். உள்ளதை உள்ளபடியே கண்முன் காட்டிவிட்டால் கற்பித்ததாகிவிடுமா? கண்டதனாலேயே அறிந்துவிட்டோம் என்று அமைதி கொள்வதில் அறம் சார்ந்த பிழை ஏதும் உண்டா?

மெய் என்னும் சொல்

கணினி படைத்துக்காட்டும் உலகினைத் தமிழில் ‘மெய்நிகர்’ உலகம் என்கிறோம். இச்சொல்லைச் சற்று நின்று நோக்குதல் நன்று. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கிய நம் முன்னோர், உடலால் தொட்டுணரப்படுவதே உண்மை என்று கருதினார்களோ, அன்றி உண்மைக்கு ஓர் உடல் வேண்டும் என்று கருதினார்களோ, நாம் அறியோம். ஆயினும் நம் கேள்வி இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மெய்நிகர் உலகம் முதற்பொருளில் மெய்க்கு நிகராகலாம். கண்ணுக்கு உண்மைபோலவே தோன்றலாம். இரண்டாம் பொருளில் அது மெய்யை எங்கே வைத்திருக்கிறது? நாற்காலியில் அமர்த்தி வைத்திருக்கிறது. கண் உரோமையில் உலவும்போது உடல் மேனாம்பேட்டில் அசையாதிருக்கிறது.

‘அதனாலென்ன? கண்தானே கற்கிறது’ என்று கேட்கலாம். இதற்கு அறிவியல் தரும் விடை எளியதன்று. கேட்போம்.

பூனைக்குட்டிகள் சொன்ன பாடம்

1963-இல் ரிச்சர்டு ஹெல்டு, ஆலன் ஹைன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். இருளில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக, நாள்தோறும் 3 மணி நேரம், ஓர் இராட்டினம் போன்ற கருவியில் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் கால்களால் நடந்து இராட்டினத்தைச் சுற்றும். மற்றதோ தொட்டிலில் அமர்ந்தபடியே சுற்றிவரும். இரண்டும் கண்ட காட்சி ஒன்றுதான்: அதே சுவர்கள், அதே கோடுகள், அதே நேரம். நாள்கள் பல கழிந்தபின் சோதித்தபோது, நடந்த குட்டி பள்ளத்தின் விளிம்பைக் கண்டு ஒதுங்கிற்று. சுமந்து செல்லப்பட்ட குட்டிக்கு அது தெரியவில்லை. கண்ணில் குறையில்லை, கண்டதைக் காலோடு இணைக்கும் அறிவு அதனுள் முளைக்கவில்லை. ஆறுதலான செய்தியும் உண்டு. வெளிச்சமுள்ள அறையில் இரண்டு நாள் தன் விருப்பம்போல் ஓடித்திரிய விட்டதும், அந்தக் குட்டியும் தேறிவிட்டது. சுமக்கப்பட்டவர்களுக்கும் கதவு அடைபடவில்லை என்பதை நாம் மனத்திற்கொள்ளலாம்.

மூளைக்குள் இடத்தை உணர்த்தும் உயிரணுக்கள் இருப்பதை ஜான் ஓ’கீஃப் 1971-இல் கண்டறிந்தார். எலி ஓரிடத்தைக் கடக்கையில் ஓர் அணு துடிக்கும். வேறோரிடத்தில் வேறோர் அணு. இதன் தொடர்ச்சியான ஆய்வுகளுக்காக அவரும் நார்வேயின் மோசர் தம்பதியரும் 2014-இல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். அதே காலத்தில், கலிபோர்னியாவில் பணியாற்றும் நம் நாட்டு அறிஞர் மயங்க் மேத்தாவின் குழுவினர், எலியைச் சுற்றித் திரைகளை அமைத்து, அதன் காலடியில் சுழலும் பந்தினை வைத்து, ஒரு மெய்நிகர் அறையில் நடக்கவிட்டனர். எலி நடந்தது, இயல்பாகவே நடந்ததுபோல் தோன்றிற்று. ஆனால் மூளையின் அப்பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட அணுக்கள் அடங்கிப்போயின. துடித்தவையும் இடத்துக்குரிய ஒழுங்கின்றித் துடித்தன. எலியிடம் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிச் சொல்லிவிடக் கூடாது. எனினும், வெளித்தோற்றத்தில் ஒன்றாக இருப்பது உள்ளே ஒன்றாக இல்லாதிருக்கக் கூடும் என்று அது எச்சரிக்கிறது.

மனிதரிடமும் சில அறிகுறிகள் உண்டு. இலண்டன் மாநகரின் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அவர்கள் இருசக்கர வண்டியில் தெருத்தெருவாகச் சுற்றிக் கற்பார்கள். அவர்களது மூளையில் இடநினைவுக்குரிய பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலினோர் மகுவயர் 2000-இல் காட்டினார். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 2020-இல் வெளியான ஆய்வொன்றோ, ஜி.பி.எஸ். கருவியை மிகுதியாக நம்பி வண்டி ஓட்டியவர்களுக்கு இடநினைவு குன்றியிருந்ததைக் கண்டது.

தோற்றத்தின் மீதான நம்பிக்கை

இனி, தோற்றத் துல்லியத்துக்கு வருவோம். படம் எவ்வளவுக்கு உண்மையை ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குக் கல்வி சிறக்கும் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். அமெரிக்க ஆய்வாளர்களான ஹார்வி ஸ்மால்மனும் மார்க் செயின்ட் ஜானும் 2005-இல் இதனைத் தவறான இடத்தில் வைத்த நம்பிக்கை என்று குறிப்பிட்டார்கள். உண்மைபோல் தோன்றும் காட்சிகளையே மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள். கேட்டவாறே கொடுத்தால், எளிய வரைபடத்தைக் கொண்டு செய்யும் வேலையைக்கூடச் சரிவரச் செய்வதில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். கல், மரம், சுவர் ஆகியவற்றின் நிறமும் நயமும் இழைத்துக் காட்டப்பட்ட மெய்நிகர்த் தெருவில் வழி கற்றவர்கள், வெறும் சாம்பல் நிறத் தெருவில் கற்றவர்களைவிட உண்மையான தெருவில் நன்றாக வழி கண்டதைப் பிரெஞ்சு நாட்டு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆகவே துல்லியம் வீண் என்று தள்ளிவிடவும் முடியாது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இஸ்மினி லோக்காவும் அவர்தம் குழுவினரும் 2018-இல் நடத்திய ஆய்வு இரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டிற்று. தெருவெங்கும் நிழற்படத் துல்லியம், எங்கும் வெறுமை, வழி திரும்பும் இடங்களில் மட்டும் துல்லியம், மற்றவை வெறுமை என மூன்று விதமாகக் காட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது விதத்தில் கற்றவர்களே வழியை நன்கு நினைவில் வைத்திருந்தார்கள். எங்கே தீர்மானிக்க வேண்டுமோ அங்கே கூர்ந்து பார்க்கச் செய்வதுதான் உதவிற்று. மேனாம்பேட்டுச் சிறுமியின் தாளும் அப்படித்தானே இருந்தது! வேப்பமரமும் வளைவும் அழுத்தமாக. மற்றவையெல்லாம் ஒரு கோடாக.

தோற்றமே இல்லாமலும் கற்பிக்கலாம் என்பதற்கு விமானிகளின் வரலாறு சான்று. எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத் தொழில் ஆர்கன், பியானோ செய்வது. ஆர்கனின் துருத்திகளைக் கொண்டு 1929-இல் அவர் ஒரு பொய் விமானத்தைச் செய்தார். அதனுள் அமர்ந்து கூண்டை மூடினால் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. கருவி முட்கள் மட்டுமே தெரியும். ஆனால் கைப்பிடியைத் திருப்பினால் கூண்டு சாயும்; தவறினால் முட்கள் தவறைக் காட்டும். 1934-இல் அமெரிக்காவில் தபால் சுமந்த படைவிமானிகள் பலர் மேகத்தினுள் திசை தவறி மாண்டபின், இராணுவம் அவற்றை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கானோர் அந்தக் கூண்டில் பயின்றார்கள். அங்கே கற்பித்தது காட்சியன்று. தானே செய்து, தானே தவறி, தானே திருத்திக்கொள்ளும் பொறுப்பே கற்பித்தது.

பதினான்கு சிலுவைகள்

இந்த உண்மையைத் திருச்சபை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது எனலாம். எருசலேமுக்குச் சென்று ஆண்டவர் சிலுவை சுமந்த வழியில் நடக்க இயலாத மக்களுக்காக ஏற்பட்டதுதான் சிலுவைப் பாதை. புனித பிரான்சிஸ்குவின் சபைத் துறவியரால் அது பரவிற்று. 1731-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெந்து பதினான்கு நிலைகள் என வரையறுத்து, எல்லாக் கோவில்களிலும் நிறுவ இசைவளித்தார். அக்காலத்து மெய்நிகர் எருசலேம் அதுவே என்றால் மிகையாகாது.

அதற்கு எது இன்றியமையாதது என்று பாருங்கள். ஓவியங்களா? சிற்பங்களா? இல்லை. அவை இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. வேண்டுவன பதினான்கு சிலுவைகள். அவற்றோடு வேண்டுவது, ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு நடத்தல். கூட்டம் மிகுந்து எல்லாரும் நகர இயலாதபோதும், வழிநடத்துபவராவது நகர வேண்டும். எருசலேமின் தெருக்கள் எப்படி இருந்தன என்பதைத் தத்ரூபமாகக் காட்ட யாரும் முயலவில்லை. நடையையும் நிறுத்தத்தையும் முழந்தாளையும் காப்பாற்றினார்கள். பரங்கிமலையின் படிகளில் சிலுவைப் பாதை செய்தவர்கள் இதனை உடலால் அறிவார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு நிலை வரும். அந்நிலையின் பொருள் அந்த மூச்சோடு சேர்ந்தே நெஞ்சில் பதியும்.

1223-இல் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்தபோதும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையுமே போதுமானவையாக இருந்தன. மக்கள் கையில் பந்தங்களோடு இரவில் நடந்து வந்தார்கள். அந்த நடையும் குடிலின் ஒரு பகுதியாயிற்று.

இயலாதோர் என் செய்வர்?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். படுக்கையில் கிடக்கும் தாய்க்கு நடைப்பெருமை பேசுவது இரக்கமா? அன்று கைகுவித்த மூதாட்டி உரோமைக்குச் செல்லப்போவதில்லை. அவருக்குத் திரையில் கிடைத்த பெருங்கோவில் ஒரு கொடை. அதனைப் பழிப்பது கல்நெஞ்சம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் உருவான காலந்தொட்டு, இப்பகுதியின் இல்லங்கள் பல அதன் பட்டறைகளால் வாழ்ந்தவை. எந்திரத்தில் விரல் இழந்த மனிதர்களை நாம் அறிவோம். முதல் தவறு சிமுலேட்டரில் நேர்ந்து, விரல் பிழைக்குமானால், அந்தப் பொய் எந்திரம் ஆயிரம் மெய்களைக் காக்கும் அறக்கருவியே ஆகும்.

2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தையும் நாம் மறக்கவில்லை. கோவில்கள் பூட்டியிருந்தன, திரையில்தான் திருப்பலி கண்டோம். அது நம்மைத் தாங்கிற்று. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், இது இடுக்கண் காலத்து ஏற்பாடு, இதுவே திருச்சபை ஆகிவிடாது, மக்களோடும் அருளடையாளங்களோடும் கூடிவரும் நாளை நோக்கி நாம் நகர வேண்டும் என்ற கருத்தில் எச்சரித்தார். கொடையை மறுக்காமலே அதன் எல்லையைச் சொன்னார். இயலாதவருக்கு அது ஊன்றுகோல். இயன்றவர் அதனையே கால் என்று கொள்வதுதான் கேடு.

வழி அறிதல் யாருக்காக?

‘கைப்பேசி வழி சொல்லும்போது நான் ஏன் வழி அறிய வேண்டும்?’ என்று அன்று அச்சிறுவன் கேட்டான். நியாயமான கேள்வி. அப்போது நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர், கண்ட இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வந்தன.

முதலாவது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது; மின்சாரம் இல்லை, கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. தெருவும் கால்வாயும் ஒரே பழுப்பு நீராகக் கிடந்தபோது, கண்ணுக்கு எல்லாம் சமம். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு வழியும், அது நிறைந்தால் இரட்டை ஏரிக்கு வழியும் என்பதைச் சிறுவயதில் வரப்பில் நடந்து அறிந்த பெரியவர்கள் சிலர், கையில் கோலுடன் முன்னே நடந்து, மூடியில்லாத கால்வாய் எங்கே, மேட்டுத்தரை எங்கே என்று காட்டினார்கள். குழந்தைகளைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள் பின்னே சென்றார்கள்.

இரண்டாவது, ஓர் இரவு. நினைவு தடுமாறும் முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிள்ளைகள் அவரது நிழற்படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினார்கள். மிகத் தெளிவான படம். முகத்துச் சுருக்கம்கூடத் தெரிந்தது. மணிகள் கழிந்தன, பயனில்லை. அத்தெருவில் வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்மணி வந்து, “தாத்தா பஸ் ஏறமாட்டாருங்க. அந்தக் காலத்துல முதல் ஷிப்டுக்கு நடந்தே போவாரு. அந்த வழியில பாருங்க” என்றார். அவரே முன்னே நடந்தார். எஸ்டேட்டில், என்றோ மூடப்பட்ட ஒரு பட்டறையின் வாயிலருகே, முதியவர் சைரனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நிழற்படம் அவரது முகத்தை அறிந்திருந்தது. அப்பெண்மணி அவரது வழியை அறிந்திருந்தார்.

இடத்தை அறிதல் என்பது பிறர்க்காகச் சுமக்கும் ஒரு கடன் என்பதை அன்று உணர்ந்தோம். நம் வழியைக் கைப்பேசி சொல்லிவிடும். அயலானின் வழியை அது சொல்லாது. மெய்நிகர் உலகில் நம்மைத் தவிர யாரும் வழி தவறுவதில்லை; அங்கே யாரும் நம்மை நம்பி நிற்பதுமில்லை. துல்லியம் எவ்வளவு கூடினாலும் இந்த ஒன்று கூடுவதில்லை. கண்டதே அறிவு என்று அமைதிகொள்வதில் உள்ள அறப்பிழை இதுவே: பிறர் நம்மை நாடி வரும் நாளில் நாம் வெறுங்கையோடு நிற்போம், அந்த வெறுமையை அந்நாள் வரை அறியாமலும் இருப்போம்.

ஆகவே பெற்றோர்க்கும் மறைக்கல்வி ஆசிரியர்க்கும் ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளைகளுக்குப் பெருங்கோவிலைத் திரையில் காட்டுங்கள், தயங்க வேண்டாம். காட்டியபின், வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, கோவிலுக்கு அவர்களோடு நடந்து செல்லுங்கள். எந்த முனையில் திரும்ப வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். தவறாகச் சொன்னால் உடனே திருத்தாமல், அந்தத் தவறான தெருவிலும் சிறிது நடந்து பாருங்கள். தனியாக இருக்கும் பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார், தண்ணீர் எங்கே தேங்கும், எந்தக் கதவு நாள்கணக்கில் திறக்கவில்லை என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

சென்ற தவக்காலத்தில் அச்சிறுவனை மீண்டும் கண்டோம். கோவிலுக்கு நடந்துதான் வந்திருந்தான், கூடவே அந்தச் சிறுமியும் அவள் பாட்டியும். “இப்போது வரைந்து காட்டுவாயா, தம்பி?” என்று கேட்டோம். சற்று யோசித்தான். “இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்குங்க” என்றான். அந்த விடையே நமக்கு நிறைவாயிருந்தது. தனக்குத் தெரியாத தெருக்கள் எவை என்பதை அவன் அறிந்துகொண்டுவிட்டான்.